நுரைக்குக் கர்நாடகம், கறுப்புக்கு யார்?

மழை பெய்தால் தென்பெண்ணை செய்தியில் வரும். கெலவரப்பள்ளி அணையின் மதகைத் திறப்பார்கள், வெள்ளை வெளேரென்று நுரை எழும்பும், யாராவது ட்ரோன் விட்டுப் படம் எடுப்பார்கள். பனி மலை மாதிரி இருக்கிறது என்று ஒரு தலைப்பு. அதற்குக் கீழே நாம் எல்லோரும் கூடிக் கர்நாடகத்தைத் திட்டுவோம்.

திட்டுவதில் தப்பே இல்லை. நந்தி மலைப் பக்கம் பிறக்கும் இந்த ஆறு, பெங்களூரின் கிழக்குப் பாதியின் சாக்கடையை வாங்கிக்கொண்டுதான் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் தீப்பிடித்து எரிந்த பெள்ளந்தூர் ஏரியின் உபரி, வர்த்தூர் ஏரி வழியாக இந்த ஆற்றுக்குத்தான் வந்து சேர்கிறது. ஏரியே எரிகிற ஊரிலிருந்து வரும் தண்ணீரில் நுரை வராமல் பன்னீரா வரும்? தென்பெண்ணையின் துணை ஆற்றில் அணை கட்டுகிறார்கள் என்று தமிழ்நாடு 2018இல் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. போக வேண்டியதுதான்.

என்னுடைய சண்டை வேறு. நுரை மேல்நிலத்துக்காரனுடையது என்று அடித்துப் பேசுகிற நமக்கு, நம் பக்கத்துத் தரையில் இறங்குகிற கறுப்பைப் பற்றிப் பேச வாய் வருவதில்லை. நுரைக்கு நிறம் உண்டு, உயரம் உண்டு, படம் எடுக்கலாம். பட்டறை வாசலில் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் பழைய இன்ஜின் ஆயிலைப் படம் எடுத்து என்ன தலைப்பு வைப்பீர்கள்? அது எல்லா ஊரிலும் இருக்கிற ஒரு கறை. கறை என்பதாலேயே நம் கண்ணுக்கு அது தரையின் இயல்பான நிறமாகிவிட்டது.

ஓசூர் வண்டி செய்கிற ஊர். 1980ஐ ஒட்டி அசோக் லேலண்டின் லாரியும் டிவிஎஸ்ஸின் மொபெட்டும் இங்கே உருவாகத் தொடங்கின. அதற்குப் பிறகு வந்த உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்குக் கணக்கில்லை. சென்னையிலிருந்தும் சேலத்திலிருந்தும் பெங்களூருக்குப் போகிற லாரிகள் பலவும் இந்த வழியாகத்தான் போகின்றன. சிப்காட் கேட்டிலிருந்து தொரப்பள்ளி வரை, பாகலூர் சாலையிலிருந்து சூளகிரி வரை, வண்டி இருக்கிற இடமெல்லாம் பட்டறை இருக்கிறது. இவ்வளவு வண்டிகளின் வயிற்றிலிருந்து இறங்கும் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில், பேட்டரி ஆசிட் எல்லாம் கடைசியில் எங்கே போகிறது என்று இந்த மாவட்டத்தில் யாரிடமாவது ஒரு நேரான பதில் இருக்கிறதா?

விலை உள்ளது போகிற இடம், விலை இல்லாதது போகிற இடம்

இந்த விஷயத்தில் நடுத்தர வர்க்கத்துக்கு ஒரு சௌகரியமான கதை இருக்கிறது. மெக்கானிக்குக்கு விழிப்புணர்வு கிடையாது, அதனால் ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுகிறான். ஆகவே விழிப்புணர்வு முகாம் நடத்த வேண்டும், துண்டுப் பிரசுரம் கொடுக்க வேண்டும், ஒரு குறும்படம் எடுக்க வேண்டும். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பட்டறையில் அரை மணி நேரம் நின்றதில்லை.

நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பழைய ஆயிலை யாரும் சும்மா கொட்டுவதில்லை. அது காசு. பைக் பட்டறையில் ஒரு நாளைக்கு ஐந்து வண்டிக்கு ஆயில் மாற்றினால், வண்டிக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி என்று வைத்துக்கொண்டாலும், மாதம் நூறு லிட்டர் சேரும். இரண்டு மாதத்தில் ஒரு பேரல். லாரி பட்டறை என்றால் ஒரே வண்டியில் பதினைந்து இருபது லிட்டர் இறங்கும். அந்தப் பேரலுக்கு ஆள் வரும். "என்னண்ணா பண்றீங்க இதை?" என்று கேட்டால் பதில் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "சென்ட்ரிங்காரங்க வாங்கிட்டுப் போவாங்க தம்பி, இல்லன்னா கேன் கணக்குல எடுக்கிற ஆள் வருவாரு." விலை என்ன என்று கேட்டால் ரூபாய் சுத்தமாகச் சொல்வார். விழிப்புணர்வு இல்லாதவர் இவரா?

கான்கிரீட் ஒட்டாமல் இருக்கச் சென்ட்ரிங் பலகையில் அந்த ஆயிலைத் தடவுகிறார்கள். மிச்சம் போகிற இடம் அடுப்பு. சூளை, தார் கலக்கும் பிளாண்ட், சின்ன உருக்காலை என்று எண்ணெய் எரிக்கிற எந்த இடத்துக்கும் இது மலிவான எரிபொருள். கரையான் பிடிக்காமல் இருக்க வேலிக்கால் மரத்துக்குப் பூசுவார்கள். புழுதி அடங்க வாசலில் தெளிப்பார்கள். சொறி பிடித்த நாயின் முதுகில்கூடத் தடவுவார்கள். ஒரு பொருளுக்கு இத்தனை பயன் கண்டுபிடித்த சமூகத்தைப் பார்த்து மறுபயன்பாடு என்றால் என்னவென்று பாடம் நடத்தப் போவது வேடிக்கை.

தரையில் கொட்டப்படுவது எது என்றால், விலை இல்லாதது. ரேடியேட்டரிலிருந்து இறங்குகிற பச்சைக் கூலன்டை வாங்க யாரும் வருவதில்லை, அதனால் அது சாக்கடைக்குப் போகிறது. அதில் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாயும் மாடும் நக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் போய்விடும். பழைய பிரேக் ஆயிலையும் யாரும் வாங்குவதில்லை. ஏசி கேஸ் காற்றுக்குத்தான். வாட்டர் சர்வீஸில் டீசல் அடித்துக் கழுவிய தண்ணீர் நேராகத் தெருவுக்கு. கழற்றிப் போட்ட ஆயில் ஃபில்டரின் வயிற்றில் மிச்சம் நிற்கும் ஆயிலோடு அது காயலான் கடைக்கோ குப்பைத்தொட்டிக்கோ போகும்.

ஆக, விதி எளிது. விலை இருக்கிற திரவம் தவறான அடுப்புக்குப் போகிறது. விலை இல்லாத திரவம் மண்ணுக்குப் போகிறது. இரண்டுமே சந்தையின் முடிவுகள். இதை ஒழுக்கப் பிரச்சினையாகப் பேசுவது, பேசுகிறவருக்கு மட்டும் லாபம்.

அடுப்பில் என்ன எரிகிறது

"எரித்தால் என்ன, டீசலும் எண்ணெய்தானே?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

இன்ஜினுக்குள் ஓடிய ஆயில், புதிதாக ஊற்றிய ஆயில் இல்லை. தேய்மானம் தடுக்கச் சேர்த்த துத்தநாகம், தேய்ந்த பாகங்களிலிருந்து வந்த உலோகத் துகள்கள், பெட்ரோலும் டீசலும் அரைகுறையாக எரிந்ததால் உருவான பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் எல்லாம் அதில் ஏறியிருக்கும். சிமென்ட் உலையின் வெப்பத்தில், புகையைப் பிடிக்கிற ஏற்பாட்டோடு எரிப்பது ஒரு கதை. ஊர் ஓரத்தில் வடிகட்டி எதுவும் இல்லாத ஒரு புகைபோக்கிக்குக் கீழே எரிப்பது வேறு கதை. அங்கே உலோகம் அழிவதில்லை, இடம்தான் மாறுகிறது. பேரலில் இருந்தது பக்கத்து வீட்டு மொட்டை மாடித் துணிக்கு வந்துவிடும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், எரிக்க வேண்டிய அவசியமே இல்லை. மசகு எண்ணெய் தேய்ந்து போவதில்லை, அழுக்காகத்தான் ஆகிறது. வெற்றிடத்தில் காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்தால் மறுபடி அடிப்படை எண்ணெய் கிடைக்கும். ஒரு காலன் பழைய ஆயிலிலிருந்து கிடைக்கிற அதே அளவு மசகு எண்ணெயைப் பூமியிலிருந்து எடுக்க 42 காலன் கச்சா எண்ணெய் வேண்டும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. ஒரு காருக்கு ஒருமுறை மாற்றுகிற ஆயில் 10 லட்சம் காலன் நன்னீரைக் கெடுத்துவிடும் என்பதும் அவர்களுடைய கணக்குதான். கச்சா எண்ணெயின் பெரும்பகுதியை டாலர் கொடுத்து இறக்குமதி செய்கிற நாடு, கையில் இருக்கிற மசகு எண்ணெயைச் சூளையில் போட்டு எரித்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் அந்தச் சுத்திகரிப்புக்கு ஒரு நிபந்தனை உண்டு: கலக்கக் கூடாது. ஆயில் பேரலில் கூலன்டையும் பிரேக் ஆயிலையும் தின்னரையும் ஊற்றினால் பேரல் முழுக்கப் பாழ். எதோடு எது கலந்தது என்று தெரியாத எண்ணெய் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டைம்ஸ் பீச் கதை போதும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் இருந்த சின்ன ஊர் அது. மண் சாலையில் புழுதி அடங்க 1970களில் ஒரு பழைய ஆயில் வியாபாரியைக் கூப்பிட்டுத் தெளிக்கச் சொன்னார்கள். அவர் பட்டறைகளில் ஆயில் எடுத்தவர். கூடவே ஒரு ரசாயன ஆலையின் கழிவையும் எடுத்து அதோடு கலந்திருந்தார். அதில் டையாக்சின் இருந்தது. 1971இல் அவர் தெளித்த ஒரு குதிரைப் பயிற்சிக் களத்தில் முதலில் பறவைகள் செத்தன, பிறகு குதிரைகள். 1983இல் டைம்ஸ் பீச் ஊரையே மத்திய அரசு விலைக்கு வாங்கிக் காலி செய்தது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வாழ்ந்த ஊர் இன்று வரைபடத்தில் ஒரு பூங்கா. நம்மூரில் வாசல் புழுதிக்கு ஆயில் தெளிக்கிறவருக்கு இந்தக் கதை தெரியாது. அவருக்கு விற்ற பேரலில் வேறு என்ன இருந்தது என்பது விற்றவருக்கும் தெரியாது.

அமெரிக்கா வரை போக வேண்டாம் என்றால் மும்பைக்குப் பக்கத்தில் நவசேவா துறைமுகம் இருக்கிறது. மசகு எண்ணெய் என்ற பெயரில் வந்து இறங்கிய 133 கண்டெய்னர்களில் இருந்தது அபாயகரமான கழிவு எண்ணெய். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அதை எரித்து அழிக்கும்படி 2005 ஜனவரியில் உத்தரவு வந்தது. பெயர் ஒன்று, பேரலுக்குள் இருப்பது ஒன்று என்பது இந்த வியாபாரத்தின் பழைய வியாதி.

கை

ஆற்றுக்கு முன்னால் கை இருக்கிறது. இதை எழுதுகிறவர்கள் எல்லோரும் ஆற்றில் தொடங்கி ஆற்றில் முடிக்கிறோம். ட்ரெயின் போல்ட்டைத் திருகும்போது சூடான ஆயில் முதலில் இறங்குவது ஒரு பையனின் மணிக்கட்டில்.

1775இல் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி சுத்தம் செய்கிறவர்களின் விதைப்பையில் வருகிற புற்றுக்குக் கரிதான் காரணம் என்று எழுதினார். தொழிலால் புற்று வரும் என்று உலகம் அறிந்தது அப்படித்தான். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து, லங்காஷையர் பஞ்சாலைகளில் நூற்பு இயந்திரத்தின் மேல் குனிந்து வேலை செய்தவர்களுக்கு அதே புற்று வந்ததை 1922இல் பதிவு செய்தார்கள். அங்கே காரணம், கதிர்களிலிருந்து தெறித்துக் கால்சட்டையில் ஊறிய எண்ணெய். சுத்திகரிக்காத, அரைகுறையாகச் சுத்திகரித்த கனிம எண்ணெய்களை மனிதருக்குப் புற்றுண்டாக்கும் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்று ஆய்வு முகமை. இன்ஜினில் ஓடி முடித்த ஆயிலைத் தொடர்ந்து தோலில் படவிடாதீர்கள் என்று பிரிட்டனில் மெக்கானிக்குகளுக்கு எழுதியே கொடுக்கிறார்கள். அதில் ஒரு வரி: எண்ணெய்த் துணியைப் பாக்கெட்டில் வைக்காதீர்கள்.

நம் பட்டறைகளில் பனியன் வேஸ்ட்டின் நிரந்தர முகவரி பேன்ட் பாக்கெட்டுதான். கை கழுவப் பெட்ரோல், இல்லையென்றால் மரத்தூளும் சோப்புத்தூளும். பெட்ரோல் தோலின் இயற்கையான எண்ணெயை உரித்துவிடும், உரித்த தோலில் கறுப்பு இன்னும் ஆழமாக இறங்கும். நைட்ரைல் கையுறை ஒரு ஜோடி டீயும் வடையும் விலைதான். அதை வாங்கிப் போடச் சொல்லி மெக்கானிக்கிடம் அறிவுரை சொல்வது சுலபம். வேலையில் வழுக்குது, கிழியுது, தினம் பத்து ஜோடி வேணும் என்பார். அவர் சொல்வது உண்மை. அந்தப் பத்து ஜோடியின் விலையை ஆயில் மாற்றும் கூலியில் சேர்த்தால் கொடுப்போமா? எட்டு வண்டி தள்ளி இன்னொரு பட்டறையில் இருபது ரூபாய் கம்மி என்று போகிறவர்கள்தானே நாம்.

ஏழு நிறத்தில் ஒரு படிவம்

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். தாராளமாக இருக்கிறது. 1989 முதலே அபாயகரமான கழிவுகளுக்கு விதிகள் உண்டு. இப்போது நடப்பில் இருப்பது 2016ஆம் ஆண்டின் விதிகள். பழைய ஆயில் அதன் முதல் அட்டவணையிலேயே இருக்கிறது. கழிவு யார் கையில் இருக்கிறதோ அவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் அனுமதி வாங்க வேண்டும். பதிவேடு எழுத வேண்டும். ஆண்டறிக்கை கொடுக்க வேண்டும். 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வெளியே அனுப்பும்போது ஏழு பிரதிகளில் ஒரு சீட்டு தயாரிக்க வேண்டும்: வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, நீலம், சாம்பல்.

ஏழு நிறம்! வானவில்லுக்குப் போட்டியாக ஒரு படிவம். ஆயிரம் பேர் வேலை செய்கிற தொழிற்சாலையில் இதற்கென்று ஒரு அதிகாரி இருப்பார், செய்வார், செய்யவும் வேண்டும். பத்துக்குப் பத்து தகரக் கொட்டகையில் ஒரு மேஸ்திரியும் இரண்டு பையன்களும் இருக்கிற பட்டறையை நினைத்துக்கொண்டு இந்த விதியை யாராவது எழுதியிருப்பார்களா? எழுதவில்லை. அதனால் அந்தப் பட்டறை சட்டத்தின் கண்ணுக்கு இரண்டே விதமாகத்தான் தெரியும்: ஒன்று, இல்லவே இல்லை, இரண்டு, பிடிபட்டால் குற்றவாளி. நடுவில் ஒரு நிலை கிடையாது. முறையாகச் செய்ய விரும்புகிற மேஸ்திரிக்கு, முறையாகச் செய்ய ஒரு வழி கிடையாது.

தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10 அன்று பிறந்த ஒருவர்தான் இந்திய அரசியலுக்கு 'லைசென்ஸ் பர்மிட் ராஜ்' என்ற பெயரைத் தந்தவர். ராஜாஜி பிறந்த வீடு இன்று நினைவில்லம். அவருடைய பொருளாதாரத்தில் எனக்கு உடன்பாடு குறைவு. சந்தையை அதன் போக்கில் விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சூளைக்குப் போகிற பேரலே சாட்சி. ஆனாலும் அனுமதிச் சீட்டு என்பதே நோக்கமாகிவிட்ட அரசு எப்படி இருக்கும் என்பதில் அவர் கண்டது தப்பில்லை. ஏழு நிறச் சீட்டு கொடுத்த அரசு, அவர் பிறந்த ஊர்ப் பட்டறைக்கு ஒரு காலிப் பேரல் கொடுக்கவில்லை.

டேஷ்போர்டில் ஓடாத ஆறு

இப்போது ஒரு புது ஏற்பாடு வந்திருக்கிறது. 2023 செப்டம்பரில் விதியைத் திருத்தினார்கள், 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. ஆயில் தயாரித்து விற்கிற நிறுவனங்களே பழைய ஆயில் மறுசுழற்சிக்கும் பொறுப்பு. முதல் ஆண்டில் 5 விழுக்காடு என்று தொடங்கி, ஆண்டுக்காண்டு இலக்கு ஏறும். நிறுவனம் நேரடியாக எடுக்க வேண்டியதில்லை. பதிவு பெற்ற மறுசுழற்சியாளர், தான் சுத்திகரித்த அளவுக்குச் சான்றிதழ் உருவாக்குவார். நிறுவனம் அதை வாங்கிக் கணக்கைக் காட்டலாம். எல்லாம் ஒரு போர்ட்டலில்.

கொள்கையாக இது நல்ல திருத்தம். விற்றவன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள், அது பெரிய விஷயம். ஆனால் போர்ட்டல் எழுதிச் சோறு தின்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: எந்த எண்ணை அளக்கிறோமோ அந்த எண் மட்டும்தான் சரியாகும். இங்கே அளப்பது மொத்த அளவை. மறுசுழற்சியாளருக்கு ஒரே கேட்டில் பத்தாயிரம் லிட்டர் தருகிற தொழிற்சாலையும், பேருந்துப் பணிமனையும் இருக்கும்போது, சந்து சந்தாகப் போய் நூறு நூறு லிட்டராக எடுக்க அவருக்கு என்ன தலையெழுத்து? இலக்கு ஏறினாலும் முதலில் நிரம்புவது பெரிய இடத்து ஆயிலால்தான். தெருவோரப் பட்டறையின் முறை கடைசியில் வரும். அதுவும் இலக்கு அந்த அளவுக்கு எட்டினால். அதுவரைக்கும் டேஷ்போர்டு பச்சையாக இருக்கும், பட்டறை வாசல் கறுப்பாக இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்காது.

இது மோசடி எதுவும் இல்லாத நிலையில். மோசடியும் நடக்கும். இதே அச்சில் வந்த பிளாஸ்டிக் சான்றிதழ் கதை நினைவிருக்கட்டும். 2023இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதித்தபோது, மறுசுழற்சி செய்ததாகச் சொல்லி உருவாக்கிய ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் போலி என்று தெரிந்தது. டேட்டாபேஸில் ஒரு வரி சேர்ப்பது, ஒரு கேன் ஆயில் தூக்குவதைவிட எவ்வளவோ இலகு.

பத்து ரூபாய்

சரி, என்னதான் செய்யணும் என்கிறாய் என்று கேட்பவர்களுக்கு இரண்டு உதாரணங்கள். இரண்டும் நம்மூர்.

ஒன்று, பேட்டரி. பைக் பேட்டரி தீர்ந்துபோனால் அதைக் குப்பையில் போடுகிற ஒருவரையாவது பார்த்திருக்கிறீர்களா? பழையதைக் கொடுத்தால் புதியதன் விலையில் கழித்துக்கொள்வார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஈயத்துக்கு விலை இருப்பதால் அது கடைக்கே திரும்பி வருகிறது. அதற்குப் பிறகு எல்லாம் சுத்தமாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன், ஊருக்கு வெளியே ஈயம் உருக்குகிற பட்டறைகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் வாங்கிய கையிலிருந்து விற்ற கடைக்குத் திரும்புகிற முதல் படி, எந்தப் பிரசுரமும் இல்லாமல் நடக்கிறது.

இரண்டு, டாஸ்மாக். மதுவிலக்குக்காகவே வாழ்ந்த ராஜாஜியின் ஊரைப் பேசும்போது இந்த உதாரணம் பொருத்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். காட்டில் உடைந்து கிடக்கும் பாட்டில் யானைகளின் காலைக் கிழிக்கிறது என்று வழக்குப் போய், உயர் நீதிமன்றம் சொன்னதால் 2022இல் நீலகிரியில் ஒரு திட்டம் தொடங்கியது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்குவது, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் அதைத் திருப்பிக் கொடுப்பது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. கடை ஊழியர்களுக்கு அதனால் பாடு உண்டு, அவர்கள் குரல் கொடுத்ததும் நியாயம். ஆனாலும் பாட்டில் திரும்பி வந்தது.

காலி குவார்ட்டர் பாட்டிலுக்கு 10 ரூபாய் தருகிற மாநிலத்தில், மண்ணில் விழுந்தால் கிணற்றைக் கெடுக்கிற ஆயிலுக்கு ஒரு ரூபாய் கிடையாது. நான் கேட்பது இவ்வளவுதான்: புது ஆயில் கேனில் லிட்டருக்கு ஒரு திருப்பித் தரும் தொகையை ஏற்றுங்கள். பழைய ஆயிலைத் திருப்பித் தருகிற பட்டறைக்கு அது போகட்டும். சென்ட்ரிங்காரரும் சூளைக்காரரும் தருகிற விலையைவிட அது கொஞ்சமாவது அதிகம் இருந்தால் போதும், பேரல் தானாகவே திசை மாறும். வாங்குகிற இடம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. புது ஆயில் பெட்டியை இறக்கிவிட்டு வெறுமனே திரும்புகிற அதே வேன், பழையதை ஏற்றிக்கொண்டு போகட்டும். ஏழு நிறச் சீட்டை அந்த விநியோகஸ்தர் எழுதட்டும், அவரிடம் கணக்குப்பிள்ளை இருக்கிறார். மேஸ்திரிக்கு ஒரு ரசீது போதும்.

கூடவே ஒரு பச்சைக் கேன், ஒரு மஞ்சள் கேன். கூலன்டுக்கு ஒன்று, பிரேக் ஆயிலுக்கு ஒன்று. இவற்றை வாங்க ஆள் வரமாட்டார் என்பதால், எடுத்துக்கொண்டு போகிற செலவை ஆயில் விற்கிற நிறுவனமும் மாநகராட்சியும் ஏற்க வேண்டும். ஃபில்டரை ஓட்டை போட்டுச் சூடாக இருக்கும்போதே கவிழ்த்து ஓரிரவு வடியவிட ஒரு தட்டு. வாட்டர் சர்வீஸ் கடைக்கு அனுமதி தரும்போதே எண்ணெயைப் பிரிக்கிற தொட்டி. ஓசூர் 2019இல் மாநகராட்சி ஆனது. பெயர்ப் பலகை மாறியதற்கு இதுவாவது அடையாளமாக இருக்கட்டும்.

காசு வருகிறது என்றால் ஆயிலில் தண்ணீர் கலந்து கொடுப்பார்கள் என்பீர்கள். கொடுப்பார்கள். சூடான தகட்டில் ஒரு சொட்டு விட்டால் தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும். எண்ணெய்ச் சட்டியில் தோசை சுடுகிற எவருக்கும் தெரிந்த சோதனை. பால் சொசைட்டியில் தினமும் இரண்டு வேளை தண்ணீர் கண்டுபிடிக்கிற நாட்டுக்கு இது பெரிய வித்தை இல்லை.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்பவர்களுக்கு இத்தாலி. புது மசகு எண்ணெய் விற்கிறவர்கள் எடைக்கு இவ்வளவு என்று ஒரு பொது நிதியில் கட்ட வேண்டும், அந்த நிதியில் பட்டறைகளிலிருந்து பழைய ஆயிலை இலவசமாக எடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு அங்கே 1984இலிருந்து ஓடுகிறது. எடுக்கிற ஆயிலில் ஏறக்குறைய எல்லாம் மறுபடி எண்ணெயாகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால், செல்போனும் போர்ட்டலும் இல்லாமல் செய்தார்கள்.

மின்சார வண்டி வந்தால் எல்லாம் சரியாகிவிடும்

கடைசியாக ஒரு மறுப்பு. இதை என் வயதுக்காரர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். ஏத்தர் ஓசூரில்தான் செய்கிறது, ஓலா போச்சம்பள்ளிப் பக்கம் செய்கிறது, டிவிஎஸ்ஸும் மின்சார ஸ்கூட்டர் விடுகிறது. இன்னும் பத்து வருஷத்தில் இன்ஜின் ஆயிலே இருக்காது, இதைப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறாயே என்பார்கள்.

நேற்று விற்ற லாரி இன்னும் பதினைந்து வருஷம் ஓடும். பழைய வண்டி போகப் போக சென்னையிலிருந்து சூளகிரிக்கும், சூளகிரியிலிருந்து அஞ்செட்டிக்கும் கை மாறும். கடைசியில் ஆயில் குடிக்கிற வண்டிகள் எல்லாம், அதை முறையாக எடுக்கக் காசோ வசதியோ இல்லாத ஊரில்தான் போய் நிற்கும். மின்சாரக் காரிலும் கூலன்ட் உண்டு, பிரேக் ஆயில் உண்டு. விலை இல்லாத திரவங்கள் அப்படியே இருக்கும். விலை உள்ளது மட்டும் குறையும். அதாவது, பட்டறைக்கு வருகிற சில்லறை வருமானம் போய்விடும், மண்ணுக்கு இறங்குவது அப்படியே இருக்கும். எதிர்காலத்தைக் காட்டி நிகழ்காலத்தைத் தள்ளிவைப்பது பணம் இருக்கிறவர்களின் பழக்கம். ட்ரெயின் போல்ட்டுக்குக் கீழே படுத்திருக்கிற பையனுக்கு அந்தப் பத்து வருஷம்தான் அவன் தோலின் வயது.

தென்பெண்ணைக்காக நாம் கர்நாடகத்திடம் கேட்கிற எல்லாக் கேள்வியும் சரி: உன் கழிவை நீ ஏன் சுத்திகரிக்கவில்லை, உன் வளர்ச்சியின் அழுக்கைக் கீழே இருக்கிறவன் ஏன் சுமக்க வேண்டும், உன் வாரியம் என்ன செய்துகொண்டிருந்தது? கேட்போம், நீதிமன்றத்திலும் கேட்போம். ஆனால் இந்த ஆறு ஓசூரோடு முடிவதில்லை. கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை தாண்டிக் கடலூர் வரை போகிறது. பெங்களூருக்கு நாம் கீழ்நிலம் என்றால், சாத்தனூருக்கு நாம் மேல்நிலம். அதே மூன்று கேள்விகளை அவர்கள் நம்மிடம் கேட்டால், காட்டுவதற்கு நம்மிடம் ஒரு ரசீது இருக்க வேண்டும். அடுத்த முறை வண்டிக்கு ஆயில் மாற்றும்போது மேஸ்திரியிடம் கேட்க வேண்டாம், அவருக்குத் தெரியும். கேன் விற்ற நிறுவனத்திடமும், வாரியத்திடமும், மாநகராட்சிக் கவுன்சிலரிடமும் கேளுங்கள்: இந்தப் பேரலை எடுத்துப் போக உங்கள் வண்டி எப்போது வரும்?